எவர்சில்வர் டம்ளரில் காக்டெயில்

அத்தியாயம் 14

"சரிங்க மாமா, எங்க வீட்லயே வச்சுக்கலாம்" என்று வசந்தகுமார் போனில் வாய் கொடுத்துவிட்டு வந்தானே, அந்தச் சனிக்கிழமை விடிந்தேவிட்டது.

வாய் கொடுத்தது அவன். வேலை பார்க்கப்போவது அவன் தங்கை பிரகதீஸ்வரி, வீட்டில் ஈஸ்வரி. அந்த வீட்டில் வாயும் கையும் எப்போதும் வேறு வேறு ஆட்களிடம்தான் இருந்தன.

விஷயம் ஊருக்கே தெரிந்ததுதான். வசந்தகுமாருக்குச் சென்னையில் தன்னோடு வேலை பார்க்கும் ப்ரியங்காவைப் பிடித்துவிட்டது. அவர்கள் வேற ஆளுக. பூர்வீகம் திருமயம் பக்கம். நாலு தலைமுறையாக வியாபாரம். இப்போது சென்னையில் இரண்டு டைல்ஸ் கடை. பெண்ணின் அப்பா நாகராஜன் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"தட்டு மாத்துறது, பூ வைக்கிறதெல்லாம் அப்புறம் தம்பி. எங்க பெரியவன் கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு குடும்பமும் வீட்லயே ஒரு காக்டெயில் பார்ட்டி வச்சோம். நின்னு பேசிப் பழகுனதுல ஒட்டிக்கிட்டோம். அதே மாதிரி ஒங்க வீட்ல சின்னதா ஒண்ணு வைங்க. பழகிப் பாப்போம்" என்றார்.

பழகிப் பார்ப்போம் என்றால் பரீட்சை வைப்போம் என்று அர்த்தம். இஞ்சினியரிங் படித்தவனுக்கு அது புரியவில்லை.

குளத்தூர்ப் பக்கத்து அந்த வீட்டுக்குள் பாட்டில் வந்து ஒரு வருஷம் ஏழு மாசம் ஆகியிருந்தது. அப்பா ஏகாம்பரம் குடித்துவிட்டு டிராக்டரை வாய்க்காலுக்குள் இறக்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பரிமளாவின் வலது கை இன்றைக்கும் தோளுக்கு மேலே எழும்பாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, வைக்கோலுக்குள்ளும் அரிசி மூட்டைக்குப் பின்னாலும் ஒளித்து வைத்திருந்த பாட்டில்களை எல்லாம் தேடி எடுத்து, கொல்லையில் இருக்கும் துவைக்கிற கல்லில் ஒவ்வொன்றாக அடித்து உடைத்தவள் ஈஸ்வரி. அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா கருப்பர் கோயிலில் போய்க் கயிறு கட்டிக்கொண்டார். கயிறு கட்டியவன் தொட மாட்டான். அதுதான் ஊர் நம்பிக்கை. இதுவரை அவரும் தொடவில்லை.

இப்போது அண்ணன் டிக்கியைத் திறந்து நாலு பாட்டில் வோட்காவை எடுத்து அவள் கையில் கொடுக்கிறான்.

"கெமிஸ்ட்ரி படிச்ச புள்ளதானே நீ. கலக்குறது ஒனக்குத் தெரியாதா?"

"காலேஜ்ல நாங்க கலக்குனத யாரும் குடிக்கலண்ணே."

"ஈசியா இருக்கு பாரு." போனை நீட்டினான். "எலுமிச்சம்பழம், நன்னாரி, இஞ்சிச் சாறு, ஐஸு, கடைசியில இது. நன்னாரி போட்டா நம்ம ஊர் மாதிரியும் இருக்கும், பார்ட்டி மாதிரியும் இருக்கும். வோட்காவுல வாடை இல்ல, நிறம் இல்ல. சர்பத்து மாதிரியே இருக்கும்."

"வாடையும் இல்ல, நிறமும் இல்லேன்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எதுக்குக் கண்டுபிடிக்கணும்?"

"அப்பாவுக்காக."

அண்ணன் வாசல் பக்கம் பார்த்தான். அப்பா வேப்பமரத்தடியில் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்தவர்களுக்கு ஒரு குனிவு வருமே, அந்தக் குனிவோடு கழுவினார்.

"அவரு வெறும் சர்பத்துக் குடிக்கட்டும்" என்றான் வசந்தகுமார். "ஆனா அவரு முன்னாடி குடிச்சவரு, கயிறு கட்டியிருக்காருங்கறது மட்டும் அவங்களுக்குத் தெரியவே கூடாது ஈசு. ப்ரியங்கா அம்மாவோட அண்ணன் குடிச்சே செத்தவராம். அவதான் சொன்னா. குடிகாரன் வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு அந்தம்மா சத்தியமே பண்ணியிருக்காம்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பார்ட்டி?"

"அது வேற, இது வேற."

ஈஸ்வரி கணக்குப் போட்டுப் பார்த்தாள். குடிகாரன் வீடு ஆகாது. குடிக்காத வீடும் ஆகாது. குடித்துவிட்டுக் குடிக்காத மாதிரி நிற்கத் தெரிந்த வீடு வேண்டும். இதற்கு எந்த யூடியூபிலும் வீடியோ இல்லை.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு குண்டான். சிவப்பு மூடி போட்டதில் வோட்கா கலந்தது. பச்சை மூடியில் வெறும் சர்பத்து. கலந்ததை எல்லோருக்கும் அண்ணன் வாங்கி வந்த கண்ணாடித் தம்ளரில் கொடுப்பது. அப்பாவுக்கு மட்டும் எவர்சில்வர். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த ஆறு டம்ளரில் ஒன்று. ஆறிலும் ‘ஏகாம்பரம் - பரிமளா’ என்று பெயர் வெட்டியிருக்கும். கையில் எவர்சில்வர் இருந்தால் அது அப்பா. குழப்பமே வராது என்று நினைத்தாள்.

அண்ணன் அப்பாவுக்கு ஒரு முழுக்கைச் சட்டையைக் கொண்டுவந்து நீட்டினான்.

"இந்த வெயில்ல முழுக்கையாப்பா?" என்றார் ஏகாம்பரம்.

"பொத்தானப் போட்டுக்கங்கப்பா. மடிச்சு விட்றாதீங்க."

ஏகாம்பரம் மணிக்கட்டைப் பார்த்தார். கறுப்புக் கயிறு வெளுத்துச் சாம்பல் நிறம் ஆகியிருந்தது. கையை நுழைத்தார். இத்தனை மாசமாக அந்த வீட்டில் பெருமைப்பட இருந்த ஒரே விஷயம் அதுதான். அதைத்தான் மறைக்கச் சொல்கிறான் என்று ஈஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டால் அண்ணன் வாழ்க்கை என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இஞ்சி இடித்தாள்.

மதியத்துக்கு மேல் அம்மாவின் தம்பி முத்துராஜ் வாடகை நாற்காலி பன்னிரண்டோடு வந்து இறங்கினார்.

"மாமா, நாற்காலி வேணாம். இது நிக்கிற பார்ட்டி" என்றான் வசந்தகுமார்.

"நிக்கிறதுக்கு எதுக்குடா வீட்டுக்குக் கூப்பிடணும்? பஸ் ஸ்டாண்டு போதுமே."

அடுப்படியிலிருந்து பரிமளா இடது கையால் வடையைத் திருப்பிக்கொண்டே குரல் கொடுத்தாள். "எலையும் போட வேணாங்குறான் தம்பி. கையில எடுத்துக் கடிச்சிக்கிட்டே நடக்கணுமாம். சம்பந்தம் பேச வந்தவங்கள நிக்க வச்சே அனுப்புனோம்னு நாளைக்கு ஊரு பேசும்."

"பேசட்டும்மா."

"பேசுறது ஒனக்குக் கேக்காது, நீ சென்னையில இருப்ப. எனக்குத்தான் கேக்கும்."

கடைசியில் ஆறு நாற்காலி உள்ளே, ஆறு வெளியே என்று முடிவானது. நிற்பதா உட்கார்வதா என்று யாருக்கும் தெளிவாகவில்லை.

முத்துராஜ் அக்காள் புருஷனின் முழுக்கைச் சட்டையைப் பார்த்துச் சிரித்தார். "மச்சான், கயித்த இன்னைக்கு ஒரு நாளு அவுத்துச் சாமி படத்துல மாட்டிருங்க. நாளைக்குக் குளிச்சிட்டு மறுபடி கட்டிக்கிட்டா ஆச்சு. கருப்பரு கோவிச்சுக்க மாட்டாரு."

"கருப்பரு கோவிக்க மாட்டாரு மாமா. நான் கோவிப்பேன்" என்றாள் ஈஸ்வரி.

முத்துராஜ் நாற்காலிகளை எண்ணப் போய்விட்டார்.

ஐந்தரை மணிக்குக் கார் வந்தது. நாகராஜன் இறங்கினார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. பின்னாலேயே அவர் மனைவி அழகம்மை. அவர்கள் பக்கத்து வழக்கப்படி எல்லோரும் அவளை ஆச்சி என்றார்கள். ஐம்பது வயதுதான் இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் பெண் வரக்கூடாது என்று ப்ரியங்காவை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ப்ரியங்கா இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஈஸ்வரிக்கு மெசேஜ் அனுப்பினாள். ‘அம்மா மூஞ்சி எப்டி இருக்கு?’ முதல் மெசேஜ் அது.

அம்மா மூஞ்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

ஈஸ்வரி தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். ஐந்து கண்ணாடித் தம்ளர், ஒரு எவர்சில்வர். அப்பாவிடம் எவர்சில்வரைக் கொடுத்தாள். நாகராஜன் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், "அட, நன்னாரி" என்றார்.

அதற்கு மேல் தட்டு நகரவில்லை.

அப்பாவின் அண்ணன் கண்ணுசாமி உத்தரத்தைப் பார்த்தார். முத்துராஜ் போனைப் பார்த்தார். வசந்தகுமார் வாசலைப் பார்த்தான். தட்டில் நாலு தம்ளர் வேர்த்து ஊற்றியது.

ஈஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் குடிக்காதவர்கள் இல்லை. ஒருத்தர் முன்னால் ஒருத்தர் குடிக்காதவர்கள். தம்பி பார்க்க அண்ணன் குடிக்க மாட்டார். பெரியப்பா பார்க்க மகன் தொட மாட்டான். மாமன் பார்க்க மருமகன் முடியாது, மருமகன் பார்க்க மாமனும் முடியாது. திருவிழாவில்கூட ஒவ்வொருவரும் ஒவ்வொரு மரத்தடி தேடிப் போய்விட்டு, வாயில் பாக்கோடு திரும்பி வந்து ஒன்றாக உட்காருவார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் மரியாதை.

அந்த மரியாதையை ஒரே ஹாலில் நிற்க வைத்திருக்கிறான் அண்ணன்.

"யாரும் எடுக்கலையா?" என்றார் நாகராஜன். அவர் ஒருவர் கையில் மட்டும் தம்ளர் இருந்தது. அவருக்கே கூச்சமாகிவிட்டது.

முதலில் நழுவியது பெரியப்பா. அடுப்படி வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"ஈஸ்வரி, மாடு கத்துது. கொட்டகைப் பக்கம் போயிட்டு வாரேன். அங்கிட்டு ஒண்ணு கொண்டாந்து குடு. கண்ணாடில வேணாம்த்தா, எவர்சில்வர்ல ஊத்து. தம்பி பாத்துட்டா மரியாத போயிரும்."

மாடு கத்தவே இல்லை.

அடுத்தது மாமா. "மாடியில டேங்கு நெறைஞ்சிருச்சான்னு பாக்கணும். எனக்கும் எவர்சில்வர்லயே. மாப்ள பாக்கக் கூடாது."

அடுத்தது மாப்பிள்ளை. "ரூம்ல இருக்கேன் ஈசு, ஆபீஸ் கால். எவர்சில்வர்ல குடு."

கடைசியாக, ஈஸ்வரி எதிர்பார்க்காத ஆள் உள்ளே வந்தாள். அழகம்மை. பரிமளா வடைத் தட்டோடு ஹாலுக்குப் போகும்வரை காத்திருந்து, சிவப்பு மூடியைக் காட்டினாள்.

"அதுல கொஞ்சம் குடும்மா. வெள்ளி டம்ளரு மாதிரி ஒண்ணு வச்சிருக்கியே, அதுலயே ஊத்து. ஒங்க அம்மா முன்னால கண்ணாடியத் தூக்கிட்டு நிக்க ஒரு மாதிரி இருக்கு."

"ஒங்களுக்குப் பழக்கமா ஆச்சி?"

"எங்க வீட்டுக்காரரோட பார்ட்டிக்குப் போயிப் போயிப் பழகுச்சு. ஒரு டம்ளருதான். அதுக்கு மேல என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு அவளை உற்றுப் பார்த்தாள். "ஒனக்குப் பழக்கமா?"

"தொட்டதுகூட இல்ல ஆச்சி."

"நல்லது" என்றாள் அழகம்மை. அந்த ஒரு வார்த்தையில் ஈஸ்வரிக்கு ஏனோ அவளைப் பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு ஈஸ்வரி ஓடிய ஓட்டம் அவளுக்கே நினைவில்லை. கொட்டகைக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, ரூமுக்கு ஒன்று. கண்ணாடித் தம்ளர்கள் அடுப்படியில் வரிசையாகச் சும்மா கிடந்தன. ஆறு எவர்சில்வரில் ஐந்து வீடு முழுக்க நடமாடிக்கொண்டிருந்தன. ஹாலில் நாகராஜனும் ஏகாம்பரமும் மட்டும். இரண்டு குடும்பமும் பழகிப் பார்க்கும் பார்ட்டியில் ஆளுக்கொரு மூலையில் தனியாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

‘எல்லாரும் மிங்கிள் ஆகுறாங்களா?’ என்று ப்ரியங்கா கேட்டிருந்தாள். ஈஸ்வரி போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டாம் சுற்றில்தான் அது நடந்தது.

தட்டில் நாலு எவர்சில்வர் டம்ளர். பச்சை மூடியிலிருந்து ஊற்றிய அப்பாவுடையதைத் தனக்கு வலது கைப்பக்கம் வைத்திருந்தாள். மற்ற மூன்றும் சிவப்பு மூடி. "பாப்பா, கொஞ்சம் ஐஸு" என்று நாகராஜன் கூப்பிட்டார். தட்டை மேசையில் வைத்துவிட்டு ஐஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து தட்டைத் தூக்கினாள். வலது பக்க டம்ளரை அப்பாவிடம் கொடுத்தாள். மாடிக்கும் ரூமுக்கும் கொடுத்துவிட்டு, பெரியப்பாவுடையதோடு கொட்டகைக்குப் போனாள்.

கண்ணுசாமி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "என்னாத்தா, வெறும் சர்பத்தக் குடுத்திருக்க?"

ஈஸ்வரி அவர் கையிலிருந்த டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா, நல்லாக் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. இது சர்பத்துதானா?"

"மொதல்ல குடுத்ததும் இப்படித்தான் இருந்துச்சு. எங்களுக்கெல்லாம் தொண்டைய அறுக்கணும்த்தா. இதெல்லாம் ஒரு சரக்கா?"

முதலில் கொடுத்தது சிவப்பு மூடி. அது நிச்சயம். அதையே சர்பத்து என்கிற மனுஷனிடம் என்ன கேட்பது?

அடுப்படிக்கு ஓடினாள். "அம்மா, மேசையில இருந்த தட்ட யாரும் தொட்டீங்களா?"

"வடையை வைக்க எடம் இல்லேன்னு நான்தான் அங்கிட்டுத் திருப்பி வச்சேன். ஏன், கொட்டிருச்சா?"

தட்டு திரும்பியிருந்தால் வலது இடதாகியிருக்கும். முழுதாகத் திருப்பினாளா, பாதியா? எந்தப் பக்கமாக? அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை.

ஹாலில் நாகராஜன் மட்டும் இருந்தார். "அப்பா இப்பத்தாம்மா பின்னால போனாரு. நல்ல மனுஷன். எது பேசினாலும் சிரிக்கிறாரு."

அப்பா எது பேசினாலும் சிரிப்பது எப்போது என்று ஈஸ்வரிக்குத் தெரியும். கூச்சத்திலும் அப்படித்தான் சிரிப்பார் என்பதும் தெரியும்.

கொல்லையில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்லில் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். கையில் டம்ளர். பாதி காலி.

"அப்பா."

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. அழுதாரா, அதுவா? சட்டைக் கைப் பொத்தான் போட்டபடியே இருந்தது. உள்ளே கயிறு இருக்கிறதா என்று தெரியவில்லை. மாமா சொன்னதைக் கேட்டு அவிழ்த்திருந்தாலும் தெரியாது.

"குடிச்சீங்களா?"

"நீதானேத்தா குடுத்த."

இந்தக் கல்லில் பதினொரு பாட்டிலை உடைத்த கை. இன்றைக்கு அதே கை தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது.

"அதுல என்ன இருந்துச்சுப்பா? ஒங்களுக்குத் தெரியாம இருக்காது. சொல்லுங்க."

"நீ குடுத்தா சர்பத்தாத்தான் இருக்கும்னு குடிச்சேன்."

"இருந்துச்சா?"

ஏகாம்பரம் டம்ளரில் இருந்த பெயரைக் கட்டை விரலால் தடவினார். அந்தப் பெயர்தான் ஆறு டம்ளரிலும் இருக்கிறது.

ஈஸ்வரி அதைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தாள்.

இனிப்பு. புளிப்பு. நன்னாரி வாசம். தொண்டையில் ஏதோ எரிந்தது. இஞ்சியா? இஞ்சியை அவளேதான் இடித்தாள். இரண்டு குண்டானிலும் போட்டாள். இன்னொரு வாய் குடித்தாள். அதே எரிச்சல். வாழ்நாளில் தொடாதவளுக்கு அதன் ருசி எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றைத்தான் இத்தனை வருஷமும் பகைத்திருக்கிறாள். மூன்றாவது முறை டம்ளரைத் தூக்கினாள்.

"ஈஸ்வரி."

பின்வாசல் படியில் அழகம்மை நின்றிருந்தாள். அவள் பார்வை டம்ளரில் இருந்தது, பிறகு ஈஸ்வரியின் ஈர உதட்டில்.

"தொட்டதுகூட இல்லேன்னு சொன்னியேம்மா."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். என்ன சொல்வது? அப்பாவுக்காகக் குடித்துப் பார்த்தேன் என்றால், ஏன் பார்க்க வேண்டும் என்பாள். அதற்குப் பதில் சொன்னால் அண்ணன் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் தன் பேர் போச்சு.

ஏகாம்பரம் எழுந்தார். வலது கைப் பொத்தானைக் கழற்றினார். முழங்கை வரைக்கும் மடித்துவிட்டார். சாம்பல் நிறக் கயிறு, போட்ட முடிச்சு போட்டபடி இருந்தது.

"அது என்னோட டம்ளரு ஆச்சி" என்றார். "நான் குடிச்சுக் கெட்டவன். எம் பொண்டாட்டி கைய ஒடிச்சவன். ஒரு வருஷம் ஏழு மாசமா இந்தக் கயித்தோட இருக்கேன். நான் எதக் குடிக்கிறேன்னு பாக்கத்தான் எம் பொண்ணு வாயில வச்சுப் பாத்துச்சு. அதுக்கு ருசி தெரியாது. வீட்ல எல்லாரும் மறைக்கச் சொன்னாங்க. எம் புள்ள பேரு கெடுற அளவுக்கு மறைக்க முடியாது."

அழகம்மை படியிறங்கி வந்தாள். கயிற்றைப் பார்த்தாள். அவளுடைய அண்ணனும் ஒரு காலத்தில் இப்படி ஒன்று கட்டியிருப்பானோ என்று நினைக்கும்படி அத்தனை நேரம் பார்த்தாள். பிறகு ஈஸ்வரியின் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். நாக்கில் நிறுத்தி, மெதுவாக விழுங்கினாள்.

அந்த வீட்டில் அதன் ருசியைச் சரியாகச் சொல்லக்கூடிய ஒருத்தி அவள்தான்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"இத ஒங்க அப்பாவுக்கு எடுத்துக் குடுத்தது யாரு?"

"நான்" என்றாள் ஈஸ்வரி.

"நானேதான் எடுத்தேன்" என்றார் ஏகாம்பரம், அதே நேரத்தில்.